கப்பல் ஏறும் நாளில் பெட்டியும் பொழுதும்

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் நீச்சல் குளம் இருக்கும், நடன அரங்கு இருக்கும், கடலைப் பார்த்த பால்கனி இருக்கும். கப்பல் ஏறும் நாளின் காலைப் பொழுது மட்டும் இருக்காது. விடுதி அறையைப் பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்கிறார்கள். கப்பல் மாலை ஐந்துக்குத்தான் புறப்படுகிறது. நமக்குக் கொடுத்திருக்கும் ஏறும் நேரம் பிற்பகல் இரண்டு. விமானத்தில் அன்றே வந்து இறங்குபவர் பாடு இன்னும் சிக்கல். விடிகிற நேரத்தில் வந்துவிட்டார், தங்க அறை கிடையாது. ஆளுக்கு இரண்டு பெட்டி, கூடவே முழங்கால் வலியோடு பெரியவர்கள், பசிக்கு அழும் குழந்தைகள். இவர்கள் எங்கே போவது, பெட்டியை எங்கே வைப்பது?

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இரவு விமானம் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, அங்கிருந்து மூன்று நான்கு இரவுகள் கப்பலில் போய்வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நடைமுறைக் கேள்வி. ரோமிலும் பார்சிலோனாவிலும் கப்பல் ஏறுவோருக்கும் அப்படியே. இந்த இடைவெளி ஏன் வருகிறது, பெட்டிக்கு என்னென்ன வழிகள் உள்ளன, ஊருக்கு ஊர் அவை எப்படி மாறுகின்றன, பெட்டி தொலைந்தால் யார் பொறுப்பு, மிஞ்சும் பொழுதை எப்படிக் கழிப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம். முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டிக்கு இடம் முடிவாகாமல் பொழுதுக்குத் திட்டம் போடுவது வீண்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது

கப்பல் கம்பெனிக்குக் கப்பல் கடலில் இருக்கும் நேரம்தான் வருமானம். அதனால் ஒரு பயணம் முடிகிற நாளிலேயே அடுத்தது தொடங்கிவிடும். விடியற்காலையில் கப்பல் துறைக்கு வருகிறது. பழைய பயணிகள் ஒன்பது, பத்து மணி வரை இறங்குகிறார்கள். அறைகளைச் சுத்தம் செய்து, படுக்கை விரிப்பு மாற்றி, ஒரு வாரத்துக்கான அரிசி, மாவு, காய்கறி, இறைச்சி எல்லாம் ஏற்றியாக வேண்டும். நண்பகலை ஒட்டிப் புதியவர்கள் ஏறத் தொடங்குகிறார்கள். முகூர்த்த நாளில் காலைக் கல்யாணத்தார் இலை எடுப்பதற்குள் மாலை வரவேற்புக்காரர்கள் வாசலில் வந்து நிற்கும் மண்டபத்தைப் போன்றதுதான் அன்றைய டெர்மினல்.

2024-இல் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் எல்லாப் படுக்கையும் நிறைந்தால் 7,600 பயணிகள். ஆளுக்கு இரண்டு பெட்டி என்று வைத்துக்கொண்டால் காலையில் 15,000 பெட்டிகள் இறங்கி, மாலைக்குள் இன்னொரு 15,000 ஏற வேண்டும். பல துறைகளில் இரண்டு வேலையையும் செய்வது ஒரே தொழிலாளர் அணி, அதே கூடம், அதே எக்ஸ்ரே இயந்திரங்கள். இறங்கும் பெட்டிகள் கூடத்தை விட்டுப் போகும்வரை ஏறும் பெட்டிகளுக்கு அங்கே தரை கிடையாது. காலை ஏழு மணிக்கு டெர்மினல் வாசலில் போய் நின்று, ‘பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்டால் மறுக்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

மறுமுனையிலும் ஒரு கதவு இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல், பயணிகளின் பட்டியலைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக எல்லைக் காவல் துறைக்கு மின்னணு வழியில் அனுப்பியாக வேண்டும். மற்ற நாடுகளிலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறும் வாசலை மூடிவிடுகிறார்கள். ஆக, ஐந்து மணிக் கப்பல் என்றால் நம்முடைய கெடு மூன்றரை. இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில்தான் நம் திட்டம் அமைய வேண்டும்.

பழைய நாளில் எப்படி இருந்தது

பெட்டிப் பிரச்சினை சொகுசுக் கப்பலோடு வந்ததன்று. நீண்ட தூரக் கப்பல்கள் ஓடிய காலத்தில் மூட்டை முடிச்சுகளை மூன்றாகப் பிரித்துச் சீட்டு ஒட்டினார்கள். கேபினுக்குப் போவது ஒரு வகை. வழியில் தேவைப்படும் என்பது இரண்டாவது வகை. அது எட்டக்கூடிய பெட்டியறையில் இருக்கும். வழியில் தேவையில்லை என்பது மூன்றாவது. அது அடித்தளத்துக்குப் போய், ஊர் சேர்ந்த பிறகுதான் வெளியே வரும். எது எப்போது வேண்டும் என்பதைப் பயணியே முன்கூட்டி யோசித்தாக வேண்டியிருந்தது. இன்றைக்கும் அந்தப் பகுப்பு பொருந்தும்.

துறைமுகத்தில் பெட்டிகளை ஏற்றுக்கொண்டு விடுதிக்குச் சேர்க்கும் ஏஜெண்டுகளும் அன்றே இருந்தார்கள். 1888 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்து சேர்ந்த காந்தி, மற்றவர்கள் செய்ததைப் பார்த்துத் தம் உடைமைகளையும் சாவிகளையும் கிரிண்ட்லே கம்பெனி ஏஜெண்டிடம் ஒப்படைத்ததைச் ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். உடம்பில் வெள்ளை ஃபிளானல் உடுப்பு. அந்தப் பருவத்தில் அங்கே வேறு யாரும் வெள்ளை உடுத்தவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெட்டி கைக்கு வராது என்று விடுதியில் சொன்னதும் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. பெட்டியை விடும் முன் அது எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்க வேண்டும், கையில் ஒரு மாற்றுடை வேண்டும் என்ற இரண்டு பாடங்களும் அந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கிவிடுகின்றன. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு ராஜபுதானா கப்பலில் போனபோது, உடன் வந்தவர்கள் ஏற்றியிருந்த பெட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கடிந்துகொண்டு, தேவையற்றவற்றை ஏடனில் இறக்கித் திருப்பி அனுப்ப வைத்தவரும் அவர்தான்.

தமிழர்களுக்குக் கடல் பயணம் என்றால் நினைவுக்கு வருவது ரஜூலா. 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பின் எம்.வி. சிதம்பரம் 1985 தீ விபத்து வரை ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் போனவர்களுக்கு டிரங்குப் பெட்டியே தலைமாடு. அவர்கள் கண்ட காத்திருப்பு மருத்துவச் சோதனைக்கானது; சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு முகாமும் இருந்தது. அந்தக் காத்திருப்பு அரசு விதித்த கட்டாயம். இன்றைய காத்திருப்பில் பெரும்பகுதி நாம் திட்டமிடாததால் வருவது.

பெட்டியை விட என்னென்ன இடங்கள்

இன்று இருக்கும் வழிகளை ஆறாகப் பகுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் உண்டு.

முதலாவது, இரவு தங்கிய விடுதி. அறையைக் காலி செய்த பிறகும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் சில மணி நேரம் பெட்டியை வைத்துக்கொள்வது உலகெங்கும் வழக்கம். பெரும்பாலும் காசு கேட்பதில்லை. துறைமுகத்துக்குப் போகும் வழியில் விடுதி அமைந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எதிர்த்திசையில் அமைந்தால் பெட்டிக்காகத் திரும்பிப் போவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும். கப்பலுக்கு முந்தைய இரவு தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் அழகைவிட அது இருக்கும் திசையைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, விமான நிலையத்தின் பெட்டிக் காப்பகம். இதில் பலர் சறுக்குகிறார்கள். காலையில் இறங்கியதும் அங்கேயே வைத்துவிட்டு நகரத்துக்குப் போகிறார்கள். பிறகு கப்பலுக்காக மறுபடி விமான நிலையம் வந்து எடுத்துக்கொண்டு, நகரத்தைக் கடந்து துறைமுகம் போக வேண்டியிருக்கிறது. விமான நிலையத்துக்குள்ளேயே பொழுதைக் கழிப்பவருக்கு மட்டும்தான் இது சரி.

மூன்றாவது, ரயில் நிலையம். ரோமின் டெர்மினி, பார்சிலோனாவின் சான்ட்ஸ் போன்ற பெரிய நிலையங்களில் காசு கொடுத்துப் பெட்டியை வைக்கலாம். ஆனால் எங்கும் இருந்த லாக்கர்கள் இன்று இல்லை. 1980 ஆகஸ்ட் 2 அன்று இத்தாலியின் பொலோனியா நிலையக் காத்திருப்பு அறையில் சூட்கேஸில் வைத்த குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அதுபோன்ற தாக்குதல்களுக்குப் பின் ஆளில்லாப் பெட்டி என்றாலே காவலர்களுக்குச் சந்தேகம். பல இடங்களில் லாக்கர்களை எடுத்துவிட்டார்கள். இருக்கும் காப்பகங்களிலும் எக்ஸ்ரே சோதனைக்குப் பிறகே பெட்டியை வாங்குகிறார்கள். ‘கொஞ்ச நேரம்தானே’ என்று பெஞ்சின் அடியில் பெட்டியை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதை எந்த நாட்டிலும் செய்யக் கூடாது. நம் ரயில்வேயின் க்ளோக் ரூமிலும் செல்லுபடியாகும் பயணச்சீட்டைக் கேட்பார்கள், பூட்டாத பெட்டியை வாங்க மாட்டார்கள்.

நான்காவது, செயலி வழிக் காப்பகங்கள். ஸ்டாஷர், பவுன்ஸ், ரேடிகல் ஸ்டோரேஜ் போன்ற நிறுவனங்கள் ஊரிலுள்ள சிறு கடைகளையும் விடுதிகளையும் சேர்த்துக்கொண்டு, அவற்றின் பின்னறையில் நம் பெட்டியை வைக்க ஏற்பாடு செய்கின்றன. கடை நாம் போகிற தெருவிலேயே கிடைக்கும் என்பது இதன் பெரிய வசதி. கடைக்காரர் மதியம் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகும் ஊர்களும் இருக்கின்றன என்பது வில்லங்கம். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சிறு கடைகள் பிற்பகலில் மூடும் பழக்கம் இன்னும் மறையவில்லை. கப்பல் ஏறும் நேரமும் அதுவே. கடை திறந்திருக்கும் நேரத்தைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

ஐந்தாவது, கப்பல் கம்பெனியின் சொந்தப் போக்குவரத்து. விமான நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு அவர்களுடைய பேருந்துக்குப் பணம் கட்டினால், பல ஊர்களில் பெட்டியை விமான நிலையத்திலேயே அவர்கள் ஆளிடம் கொடுத்துவிடலாம். அடுத்து அதைப் பார்ப்பது கேபின் வாசலில்தான். டாக்ஸியைவிடக் கூடுதலாக ஆகலாம். பெரியவர்களோடு போகும் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் தகும்.

ஆறாவது, பெட்டியை நமக்கு முன்னால் அனுப்பிவைப்பது. இதில் ஜப்பான்தான் முன்னோடி. யமாட்டோ நிறுவனம் 1976-இல் தொடங்கிய வீட்டுக்கு வீடு பார்சல் சேவை அந்நாட்டுப் பயணப் பழக்கத்தையே மாற்றியது. விமான நிலையத்திலோ விடுதியிலோ பெட்டியைக் கொடுத்துவிட்டு, கைப்பையோடு ரயிலேறுவது அங்கே சாதாரணம். டோக்கைடோ புல்லட் ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டிக்கு 2020 மே முதல் முன்பதிவு வேண்டும் என்ற விதி வந்த பிறகு இந்தச் சேவையின் அருமை வெளிநாட்டாருக்கும் புரிந்தது. கணக்கில் ஒரு நாள் கூடுதல் வைத்து அனுப்ப வேண்டும் என்பதே இதிலுள்ள நிபந்தனை.

இவை தவிர டெர்மினலிலேயே பெட்டி வாங்கும் மேசை உண்டு. அது பெரும்பாலும் முற்பகலின் பிற்பகுதியில் திறக்கும். நமக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே போய்வர விடுவார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. அனுமதித்தால், ஊருக்குள் இருக்கும் துறைமுகங்களில் இதுவே சிறந்த வழி. டிக்கெட் எடுத்தவுடன் கேட்டு வைக்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

ஊருக்கு ஊர் கணக்கு வேறு

சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் நிற்கும் இடங்கள் இரண்டு. மெரினா பே க்ரூஸ் சென்டர் 2012-இல் திறந்தது. மெரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர் அதற்கு முந்தையது. விவோசிட்டி அங்காடியை ஒட்டியது. பெயர்கள் குழப்பும். டாக்ஸிக்காரரிடம் வெறுமனே ‘க்ரூஸ் சென்டர்’ என்று சொல்லி மாறிப் போய் இறங்கினால் பெட்டிகளோடு மறுபடி அலைய வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் முழுப் பெயரைக் காட்டுவதே நல்லது.

சாங்கி விமான நிலையம் தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது, கப்பல் தெற்குக் கரையில் நிற்கிறது. காலையில் இறங்கும் குடும்பம் சாங்கியில் பெட்டியை வைத்தால் ஜூவலில் பொழுதைக் கழிப்பதே பொருந்தும். 2019-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, கழிப்பறையும் சாப்பாடும் இருக்கின்றன. ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் முந்தைய நாளே வந்து, லிட்டில் இந்தியாவிலோ சைனாடவுனிலோ தங்கி, அந்த விடுதியிலேயே பெட்டியை விட்டுச் சுற்றலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கப்பல் மலேசியாவோ தாய்லாந்தோ போய்த் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறோம். பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்பதை வீட்டிலேயே சரிபார்க்க வேண்டும். நுழைவு அட்டையையும் மறுபடி இணையத்தில் நிரப்ப வேண்டும்.

ரோமின் கதை வேறு. கப்பல் நிற்கும் சிவிட்டாவெக்கியா ரோமிலிருந்து ஏறத்தாழ 70, 80 கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ ஆகும். நிலையத்திலிருந்து கப்பலுக்கு மறுபடி பேருந்து. அன்று காலை ரோமைச் சுற்றிவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடுபவர்கள் கொலோசியத்தில் சூட்கேஸை உள்ளே விட மாட்டார்கள், வைக்க இடமும் தர மாட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். டெர்மினியில் வைத்துவிட்டுக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து பார்க்கலாம், அவ்வளவுதான். முந்தைய இரவே சிவிட்டாவெக்கியாவுக்குப் போய்த் தங்கிவிடுவதில் பதற்றம் குறைவு.

வெனிஸ் என்று டிக்கெட்டில் இருந்தாலும் கப்பல் வெனிஸில் இருக்காது என்ற நிலை 2021 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வந்தது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் செயின்ட் மார்க் சதுக்கத்தின் முன்னாலும் ஜூடெக்கா கால்வாயிலும் போக இத்தாலிய அரசு தடை விதித்தது. சில கப்பல்கள் பக்கத்து மார்கெராவிலும், சில ட்ரியெஸ்டேயிலும், சில ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி ராவென்னாவிலும் நிற்கின்றன. வெனிஸுக்குள் தங்குபவருக்குப் படிப் பாலங்கள் வேறு. ஒவ்வொரு பாலத்திலும் பெட்டியைத் தூக்கிக் கடக்க வேண்டும். அங்கே தங்குவதானால் ரயில் நிலையத்தை ஒட்டித் தங்க வேண்டும்.

பார்சிலோனா வசதியான ஊர். கப்பல்கள் நிற்கும் அடோசாட் துறைக்குக் கொலம்பஸ் தூண் அருகிலிருந்து பேருந்து போகிறது. அந்தத் தூணிலிருந்து ராம்ப்லாஸ் தெரு தொடங்குகிறது. கடல் அருங்காட்சியகமும் பக்கத்தில்தான். சக்ராடா ஃபமிலியா தேவாலயத்துக்குள் பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. ராம்ப்லாஸில் பெட்டியை இழுத்துக்கொண்டு, வரைபடத்தைப் பார்த்தபடி நிற்பவரைப் பிக்பாக்கெட்காரர்கள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சவுத்தாம்ப்டனில் டெர்மினல்கள் பலவாக இருந்தாலும் எல்லாமே நகர எல்லைக்குள் இருக்கின்றன. 1912 ஏப்ரல் 10 அன்று டைட்டானிக் கிளம்பிய ஊர் அது. சீசிட்டி அருங்காட்சியகத்திலும், கப்பலோடு மூழ்கிய பொறியாளர்களின் நினைவுச் சின்னத்திலும், பழைய கோட்டைச் சுவரிலும் இரண்டு மூன்று மணி நேரம் நிறைவாகக் கழியும். லண்டனிலிருந்து அன்றே ரயிலில் வருபவர் பெட்டிகளை நேராக டெர்மினல் போர்ட்டரிடம் சேர்த்துவிட்டு ஊருக்குள் வரலாமா என்று முன்பே கேட்டுக்கொண்டால் போதும்.

யோகோஹாமாவின் ஓசன்பாஷி துறை ஊர் நடுவில் இருக்கிறது. பெட்டி முந்தைய நாளே பார்சலில் போயிருந்தால் கைவீசி நடக்கலாம். யமாஷிதா பூங்காவின் கரையில் 1930-இல் கடலுக்கு வந்த ஹிக்காவா மாரு கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்தக் காலக் கேபினையும் சாப்பாட்டு அறையையும் பார்த்துவிட்டு இந்தக் காலக் கப்பலில் போய் ஏறலாம்.

கையைவிட்டுப் போகக் கூடாதவை

டெர்மினல் போர்ட்டரிடம் கொடுத்த பெட்டி கேபினுக்கு வர மாலையாகிவிடும். சில நாளில் கப்பல் கிளம்பிய பிறகே வரும். அதுவரைக்கும் தேவைப்படுவதெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டையும் விசாத் தாள்களையும் பெட்டிக்குள் வைத்துப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டால் ஏறும் வாசலில் நிறுத்திவிடுவார்கள்; ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குள் நம் பெட்டியைத் தேடி எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எடுக்கும் மருந்து, இன்சுலின், மருத்துவர் சீட்டு, மூக்குக் கண்ணாடி, கைபேசி சார்ஜர், பவர் பேங்க், நகை, பணம், ஒரு செட் துணி, குழந்தைக்குப் பால் புட்டி, குளிக்கும் உடுப்பு ஆகியவை கையோடு. கப்பல் தரும் பெட்டிச் சீட்டை வீட்டிலேயே அச்சிட்டு உறுதியாகப் பிணைத்து, பெட்டிக்குள்ளும் பெயரும் கேபின் எண்ணும் எழுதிய தாள் ஒன்று வைத்தால் சீட்டு கிழிந்தாலும் பெட்டி வந்து சேரும்.

நம் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: சுடுநீர் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி. கப்பலில் தீயைக் கண்டுதான் பயம் அதிகம். சூடாக்கும் கருவிகள், மெழுகுவர்த்தி, சில வகை எக்ஸ்டென்ஷன் பெட்டிகள், கத்தி எல்லாவற்றையும் எக்ஸ்ரேயில் பிடித்து, பெட்டியைப் பாதுகாப்பு அறையில் நிறுத்திவைப்பார்கள். பெட்டி வரவில்லையே என்று காத்திருப்பவர் பெயரைச் சொல்லி அங்கே அழைப்பார்கள். கட்டுச்சாதத்தையும் வீட்டுப் பலகாரத்தையும் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. கடையில் சீல் வைத்த பாக்கெட்டுக்குப் பெரும்பாலும் தடை இல்லை. சூடம், விளக்கு, தீப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

தொலைந்தால் யார் பொறுப்பு

பெட்டி ஒரு நாளில் நான்கைந்து கைகள் மாறுகிறது. எந்தக் கையில் இருந்தபோது தொலைந்தது என்பதைப் பொறுத்தே சட்டம் பேசும். விமானத்தில் என்றால் மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியாவும் அதில் இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் பயணிக்கு உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். சேதத்துக்கு ஏழு நாளுக்குள், தாமதத்துக்கு இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். கப்பலில் என்றால் ஐரோப்பாவில் பெரும்பாலும் பொருந்துவது ஏதென்ஸ் உடன்படிக்கை. அதன் 2002 திருத்தப்படி கேபினில் நாம் வைத்திருக்கும் உடைமைக்கு 2,250 எஸ்.டி.ஆர்., போர்ட்டரிடம் ஒப்படைத்த பெட்டிக்கு 3,375. வெளிப்படையான சேதத்தைப் பெட்டியை வாங்கும்போதே சொல்ல வேண்டும். தொலைந்ததையும் உள்சேதத்தையும் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பில் ஒப்படைக்காத நகைக்கும் பணத்துக்கும் கப்பல் பொறுப்பேற்காது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்றின் மதிப்பு ஒன்றேகால் டாலருக்கும் ஒன்றரை டாலருக்கும் நடுவில் ஏறி இறங்கும்.

நடுவில் இருக்கும் விடுதிக்கும், செயலிக் கடைக்கும், டாக்ஸிக்கும் இந்த உடன்படிக்கைகள் பொருந்தாது. அங்கே கைகொடுப்பது ரசீதும் பயணக் காப்பீடும்தான். பெட்டியைக் கொடுக்கும்போது ஒரு புகைப்படம், வாங்கும் சீட்டுக்கு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை.

விமானத்தில் பெட்டி தாமதமானால்தான் உண்மையான இக்கட்டு. கப்பல் காத்திருக்காது. விமான நிலையத்தில் புகார் எழுதும்போது கப்பலின் பெயரையும், அடுத்தடுத்து எந்த நாளில் எந்தத் துறையில் நிற்கும் என்பதையும் எழுதிக் கொடுத்தால் பெட்டி பின்தொடர்ந்து வர வாய்ப்புண்டு. மூன்று இரவுப் பயணத்தில் அது வந்து சேர்வதற்குள் பயணமே முடிந்துவிடும். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பொழுதைக் கழிக்கும் கலை

பெட்டி இடம் சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஐந்து மணிக் கப்பலுக்கு மூன்றரை மணி கெடு. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டெர்மினல். அதற்கு முன்னால் பெட்டியை எடுக்கும் நேரமும் வழியும். ஒரு மணிக்கே கையில் இருப்பது முடிந்துவிடுகிறது. பத்து மணிக்குத் தொடங்கினால் மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரத்துக்கு மூன்று விதிகள் போதும். துறைமுகத்தின் பக்கமாகவே இருப்பது. ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்ப்பது. உட்கார இடமும் கழிப்பறையும் உள்ள இடமாகத் தேர்ந்தெடுப்பது. சிங்கப்பூரில் மெரினா பே க்ரூஸ் சென்டரில் ஏறுபவருக்கு கார்டன்ஸ் பை த பே பூங்காவின் குளிர் மாடங்கள் இந்த மூன்றுக்கும் பொருந்தும். லிட்டில் இந்தியா போக நினைத்தால் காலையிலேயே போய்விட வேண்டும். செராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலிலும் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலும் நம் ஊரைப் போலவே உச்சிப் பொழுதில் நடை சாத்திவிடுவார்கள். கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இணையத்தில் செக்-இன் திறந்தவுடன் பதிந்து, ஏறும் நேரங்களில் முதலாவதை எடுத்துக்கொள்வது. நண்பகலில் ஏறிவிட்டால் மதியச் சாப்பாடு கப்பலிலேயே, அதுவும் டிக்கெட்டுக்குள். கேபின் தயாராகாவிட்டாலும் சாப்பாட்டுக் கூடமும் மேல்தளமும் திறந்திருக்கும். பெரியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். சீக்கிரம் ஏறினாலும் முழுப் பிற்பகலும் ஓய்வுக்கு இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு அவசரகாலப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. அதன் பின் விதி இறுகியது. 2015 முதல் அந்தப் பயிற்சி கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனேயோ நடந்தாக வேண்டும். அழைப்பு வந்தால் தூக்கத்தை விட்டு எழுந்து போக வேண்டும்.

துறைமுகங்கள் செய்ய வேண்டியது

இதுவரை சொன்னதெல்லாம் பயணியின் கடமை. ஊர்களுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. பெட்டியோடு நிற்பவர் டெர்மினல் வாசலிலேயே நாளைக் கழிப்பார். கை காலியானவர் ஊருக்குள் போய்ச் சாப்பிடுவார், வாங்குவார், நுழைவுச் சீட்டு எடுப்பார். சியாட்டில் துறைமுகம் இதைக் கப்பலிலிருந்து இறங்குபவர்களுக்குச் செய்து காட்டியது. போர்ட் வாலே என்ற திட்டத்தில் அவர்களுடைய பெட்டிகளைக் கட்டணமின்றி விமானத்துக்கு நேராக அனுப்புகிறது; பயணிகள் வெறுங்கையோடு நகரத்தைச் சுற்றிவிட்டு விமான நிலையம் போகிறார்கள். ஏறுபவர்களுக்கும் இதே ஏற்பாட்டைத் திருப்பிச் செய்ய முடியும்.

இந்தியாவுக்கும் இது தொலைவான பேச்சில்லை. 2022 ஜூனில் கார்டிலியா கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது; மறு ஆண்டு இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. கொச்சியின் வெல்லிங்டன் தீவில் சாகரிகா முனையம் 2021 முதல் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தைச் சுற்றிக் கோட்டை அருங்காட்சியகம், 1680-இல் எழுந்த புனித மரியாள் தேவாலயம், உயர் நீதிமன்ற வளாகம், பர்மா பஜார், பாரிமுனை எல்லாம் நடக்கும் தொலைவிலோ ஆட்டோ தொலைவிலோ இருக்கின்றன. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் இரவு ரயிலில் வந்து காலை ஐந்து மணிக்கு இறங்கும் பயணிக்கு இவற்றையெல்லாம் பார்க்க நேரம் இருக்கும், கை இருக்காது. முனையங்களுக்கு மாடியும் கண்ணாடியும் எழுப்பத் திட்டமிடும்போது காலை ஆறு மணிக்குத் திறக்கும் பெட்டிக் காப்பகம் ஒன்றையும், எழும்பூரிலும் சென்ட்ரலிலும் பெட்டியை வாங்கித் துறைமுகத்தில் சேர்க்கும் சேவை ஒன்றையும் அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

அதுவரை பயணிகள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கப்பல் டிக்கெட் எடுக்கும் அன்றே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த டெர்மினல், பெட்டியை எத்தனை மணி முதல் வாங்குவார்கள், அதுவரை அது யாரிடம் இருக்கும். இந்த மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால் அன்றைக்கு ஊர் சுற்றும் திட்டத்தைக் கைவிட்டு, முந்தைய நாளே போய்த் துறைமுகத்தின் அருகில் தங்குங்கள்.